லூக்கா போனதற்கும் டாட்ஜர்ஸ் ஜெயித்ததற்கும் சம்பள வரம்புதான் காரணமா?

டல்லாஸ் பக்கம் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: அலுவலகத்தில் லூக்கா டோன்சிச் பேச்சு இன்னும் ஓயவில்லை, என்பிஏ கூடைப்பந்து லீகில் சம்பள வரம்பு இருப்பதால்தான் டல்லாஸ் அணி அவரை வேறு அணிக்குக் கொடுக்க வேண்டிவந்தது என்கிறார் ஒரு சக ஊழியர், அதே ஆள் அடுத்த மூச்சில் பேஸ்பாலில் வரம்பே இல்லாததால்தான் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் இரண்டு வருடமாகக் கோப்பையை விலைக்கு வாங்குகிறது என்கிறார், ஐபிஎல் ஏலம் மாதிரி எல்லா அணிக்கும் ஒரே தொகை என்று வைத்துவிட்டால் தீர்ந்ததா? இரண்டு ஆட்டம், இரண்டு செய்தி என்று தெரிந்தாலும் அவர் கேட்க வருவது ஒன்றுதான். செலவுக்குக் கூரை போட்டால் போட்டி நியாயமாகிவிடுமா?

என் பதில், ஆகாது. லூக்கா போனதில் வரம்புக்குப் பங்கே இல்லை என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்வேன். டாட்ஜர்ஸ் ஜெயித்ததில் காசுக்குப் பங்கு உண்டு, ஆனால் ஜனங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன், தொழில் கணக்குத் தணிக்கை, இந்த இரண்டு ஆட்டங்களையும் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். பேஸ்பாலில் நியூயார்க் மெட்ஸ் ரசிகன். அதனால் டாட்ஜர்ஸைப் பற்றி நல்லதாக ஏதாவது சொன்னால் அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் லூக்கா. 2025 பிப்ரவரி முதல் வாரம், சனிக்கிழமை நள்ளிரவு தாண்டிய நேரத்தில் செய்தி வந்தபோது, அதை வெளியிட்ட செய்தியாளர் ஷாம்ஸ் சரானியாவின் கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்றுதான் பலரும் நினைத்தார்கள். 25 வயது, தொடர்ந்து ஐந்து வருடம் லீகின் முதல் ஐவர் அணியில் இடம், முந்தைய ஜூனில்தான் அணியை இறுதிச்சுற்றுக்குக் கொண்டு போனவர். அவரை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டு டல்லாஸ் வாங்கிக்கொண்டது 31 வயது ஆந்தனி டேவிஸ், இளம் ஆட்டக்காரர் மேக்ஸ் கிறிஸ்டி, 2029ஆம் ஆண்டின் ஒரே ஒரு முதல் சுற்று டிராஃப்ட் உரிமை, அதாவது புது ஆட்டக்காரர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. அவ்வளவுதான். இதை வேறொன்றோடு வைத்துப் பாருங்கள். 2024 கோடையில் மிகல் பிரிட்ஜஸ் என்பவரை வாங்க நியூயார்க் நிக்ஸ் ஐந்து முதல் சுற்று உரிமைகளைக் கொடுத்தது, அவர் ஒருமுறைகூட லீகின் ஆல்ஸ்டார் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானதில்லை. கூடைப்பந்து தெரிந்த யாரும் பிரிட்ஜஸையும் லூக்காவையும் ஒரே தட்டில் வைக்க மாட்டார்கள். டல்லாஸ் மற்ற அணிகளிடம் விலை கேட்கவே இல்லை. மேலாளர் நிக்கோ ஹாரிசன் லேக்கர்ஸின் ராப் பெலின்காவோடு மட்டும் ரகசியமாகப் பேசி முடித்துவிட்டார். ஒரு பழைய ஸ்கூட்டரை விற்கிறவன்கூட நாலு பேரிடம் விசாரிப்பான்.

இதில் வரம்பு எங்கே வருகிறது? உங்கள் சக ஊழியர் சொல்ல வருவது 'சூப்பர்மேக்ஸ்' ஒப்பந்தமாக இருக்கும். டல்லாஸிலேயே இருந்திருந்தால் 2025 கோடையில் லூக்காவுக்கு ஐந்து வருடத்துக்குச் சுமார் 34.5 கோடி டாலர் வரை ஒப்பந்தம் போட முடிந்திருக்கும். சொந்த அணியில் இருப்பவருக்குத்தான் அந்தச் சலுகை, அணி மாறியதால் அது போய்விட்டது. அவ்வளவு பெரிய தொகையில் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று டல்லாஸ் நினைத்ததாக அப்போதே எழுதினார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் நிற்காது. 2024-25 சீசனில் லூக்காவின் சம்பளம் சுமார் 4.3 கோடி டாலர், டேவிஸின் சம்பளமும் சுமார் 4.3 கோடி. மாற்றியதில் அந்த வருடம் மிச்சமான காசு ஒன்றுமில்லை. அடுத்த 2025-26இல் டேவிஸுக்கு 5.4 கோடி. அந்த வருடத்தின் சம்பள வரம்பு சுமார் 15.46 கோடி, அதில் 35 சதவீதம் போட்டுப் பாருங்கள், 5.4 கோடிதான் வரும். சூப்பர்மேக்ஸ் என்பதும் வரம்பில் 35 சதவீதத்தில் தொடங்குகிற சம்பளமே. ஆக, இளைஞனுக்குக் கொடுக்கத் தயங்கிய அதே பங்கை, ஆறு வயது மூத்த, அடிக்கடி காயப்படுகிற ஒருவருக்கு ஒத்துக்கொண்டார்கள். தணிக்கையில் இப்படி ஒரு பதிவைப் பார்த்தால் ஆளைக் கூப்பிட்டு விளக்கம் கேட்போம்.

இன்னொன்றும் உண்டு, இது பலருக்கும் உறைப்பதில்லை. என்பிஏவில் அணிக்கு மட்டுமல்ல, தனி ஆளுக்கும் உச்சச் சம்பளம் உண்டு. லூக்கா மாதிரியான ஒருவரை எந்த வரம்பும் இல்லாத சந்தையில் ஏலம் விட்டால் 35 சதவீதத்தில் நிற்க மாட்டார். அந்த உச்சவரம்பு இருப்பதால்தான் உச்ச நட்சத்திரம் அணிக்கு மலிவாகக் கிடைக்கிறார். நடுத்தர ஆட்டக்காரர்கள்தான் இந்த லீகில் விலை அதிகம். சம்பள வரம்பை மனதில் வைத்து முடிவெடுத்திருந்தால் லூக்காவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அப்படியானால் ஏன் கொடுத்தார்கள்? இங்கே உறுதி முடிந்து ஊகம் தொடங்குகிறது. ஹாரிசன் வெளிப்படையாகச் சொன்ன காரணம், தடுப்பாட்டம்தான் கோப்பை வாங்கித் தரும் என்பது. லூக்காவின் உடல் தகுதி பற்றி அணிக்குள் அதிருப்தி இருந்ததாகச் செய்திகள் வந்தன, அந்தக் கிறிஸ்துமஸிலிருந்து கெண்டைக்கால் காயத்தால் அவர் ஆடவில்லை என்பதும் உண்மை. அவரது தடுப்பாட்டம் சுமார்தான், அதை நானும் மறுக்க மாட்டேன். ஆனால் அணியை வைத்திருக்கும் அடெல்சன் குடும்பத்துக்குக் கேசினோ தொழில், ஆகவே அணியை லாஸ் வேகஸுக்கு நகர்த்தவே இந்தச் சதி என்று உங்கள் ஊரில் பேசிக்கொள்வார்கள் பாருங்கள், அதற்கு ஆதாரமாக எதையும் நான் பார்த்ததில்லை. டிராஃப்டில் யார் முதலில் தேர்ந்தெடுப்பது என்ற மே மாதக் குலுக்கலில் 1.8 சதவீத வாய்ப்பு மட்டுமே இருந்த டல்லாஸுக்கு முதலிடம் விழுந்து கூப்பர் ஃப்ளாக் என்ற இளம் ஆட்டக்காரர் கிடைத்ததும் அப்படித்தான், லூக்காவைக் கொடுத்ததற்குக் கிடைத்த கூலி என்கிறார்கள். ஆயிரம் சேர்க்கையில் பதினெட்டு அவர்களுடையது, அதில் ஒன்று வந்தது. குலுக்கலை மேற்பார்வை பார்ப்பது எர்ன்ஸ்ட் அண்ட் யங் தணிக்கை நிறுவனம். எங்கள் தொழில்காரர்கள் புனிதர்கள் என்று சொல்ல வரவில்லை, ஆனால் ஐம்பதில் ஒன்று என்ற அளவிலான அதிர்ஷ்டம் உலகத்தில் தினமும் நடக்கிறது.

நடந்தது மட்டும் எல்லோருக்கும் தெரியும். டேவிஸ் டல்லாஸுக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே காயப்பட்டார், மார்ச்சில் டல்லாஸின் இன்னொரு நட்சத்திரமான கைரி இர்விங்கின் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. ஏப்ரல் 9 அன்று லூக்கா லேக்கர்ஸ் சட்டையோடு டல்லாஸுக்கு வந்து, அணி போட்டுக் காட்டிய நினைவுக் காணொளியைப் பார்த்து பெஞ்சில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதுவிட்டு, எழுந்துபோய் 45 புள்ளி எடுத்தார். அரங்கம் முழுக்க மேலாளரை நீக்கச் சொல்லிக் கத்தியது. லூக்காவைக் கொடுத்து ஒன்பது மாதம் கழித்து, நவம்பர் 11 அன்று, அணி 3 வெற்றி 8 தோல்வி என்று தடுமாறிக்கொண்டிருந்தபோது ஹாரிசனை அனுப்பிவிட்டார்கள். சம்பள வரம்பு இருக்கிறதே என்று யாரும் அவரைக் காப்பாற்ற வரவில்லை.

என்பிஏ விதிகள் உண்மையிலேயே ஒரு அணியைப் பிரித்த கதை வேண்டுமானால் பாஸ்டனைப் பாருங்கள். 2024இல் டல்லாஸை 4-1 என்று தோற்கடித்துக் கோப்பை வாங்கிய அதே அணி, 2025 கோடையில் ஜூரூ ஹாலிடேவையும் கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸையும் வேறு அணிகளுக்குக் கொடுக்க வேண்டிவந்தது. என்பிஏவில் சம்பள வரம்பைத் தாண்டவும் வழி உண்டு, ஆனால் லீகும் ஆட்டக்காரர் சங்கமும் 2023இல் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அதற்கும் மேலே 'இரண்டாம் ஏப்ரன்' என்று ஒரு கோடு போட்டது, 2025-26க்கு அது சுமார் 20.78 கோடி டாலர். அதைத் தாண்டினால் வரி மட்டுமல்ல, கையையும் கட்டிவிடுவார்கள். டிரேடில், அதாவது ஆள் மாற்றிக்கொள்வதில், இரண்டு ஆட்டக்காரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய ஆளை வாங்க முடியாது, ஏழு வருடம் தள்ளியுள்ள டிராஃப்ட் உரிமை முடங்கிவிடும். பாஸ்டனின் சம்பளமும் வரியும் சேர்ந்து 50 கோடி டாலரைத் தாண்டும் என்று அப்போது கணக்குப் போட்டார்கள். அணியின் நட்சத்திரம் ஜேசன் டேட்டமின் குதிகால் தசைநாணும் அறுந்துவிடவே, பிரித்துவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். இது விதியின் விளைவு, சந்தேகமே இல்லை. இது நல்லதா என்றால், நன்றாகக் கட்டிய ஒரு அணிக்கு விதித்த அபராதம் என்றுதான் எனக்குப் படுகிறது.

சரி, பேஸ்பாலுக்கு வருவோம். டாட்ஜர்ஸ் மேல் இருக்கிற பெரிய குற்றச்சாட்டு அவர்களின் நட்சத்திரம் ஷோஹே ஒடானியின் ஒப்பந்தம். பத்து வருடத்துக்கு 70 கோடி டாலர், அதில் வருடத்துக்கு 20 லட்சம்தான் இப்போது, மீதி 68 கோடியை 2034இலிருந்து 2043 வரை கொடுப்பார்கள். இதை ஏதோ கள்ளக்கணக்கு மாதிரிப் பேசுகிறார்கள். என் தொழிலில் தினமும் பார்க்கிற கணக்கு இது. பத்து வருடம் கழித்துக் கிடைக்கும் 6.8 கோடியை, லீக் பயன்படுத்தும் 4.43 சதவீத வட்டியில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் சுமார் 4.4 கோடி. கையில் தரும் 20 லட்சத்தைச் சேர்த்தால் 4.6 கோடி. லக்சரி டாக்ஸ் (அணியின் சம்பளம் ஒரு எல்லையைத் தாண்டினால் லீக் போடும் வரி) கணக்கில் வருடத்துக்கு இந்தத் தொகைதான் ஏறுகிறது, ஏனென்றால் உண்மையில் அவருக்குத் தரும் மதிப்பே அதுதான். அந்த ஒத்திவைத்த பணத்துக்கு ஈடான தொகையைக் குறிப்பிட்ட காலத்துக்குள் ஒதுக்கி வைக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது, 2034இல் பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது. ஒத்திவைப்பு எல்லா அணிக்கும் திறந்த வழிதான். எங்கள் மெட்ஸ் பாபி போனியா என்பவருக்கு ஒவ்வொரு ஜூலை 1 அன்றும் சுமார் 11.9 லட்சம் டாலர் அனுப்பிக்கொண்டிருக்கிறது, 2035 வரை அனுப்பும். அவர் எங்களுக்காகக் கடைசியாக ஆடியது 1999இல். ஜூலை 1 வந்தால் ஊரே எங்களைக் கேலி செய்யும்.

ஆகவே கள்ளக்கணக்கு இல்லை. ஆனால் காசு உண்டு, நிறையவே உண்டு. 2025இல் லக்சரி டாக்ஸ் எல்லை 24.1 கோடி. டாட்ஜர்ஸ் இருக்கும் உயரத்தில், கூடுதலாகச் செலவழிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் 1.10 டாலர் வரி கட்ட வேண்டும். 2024இல் மட்டும் 10 கோடிக்கு மேல் வரி கட்டினார்கள். கட்டிவிட்டு சிரித்துக்கொண்டே அடுத்த ஆளை வாங்குகிறார்கள் என்பதுதான் மற்றவர்களுக்கு எரிச்சல்.

காசு கோப்பையை வாங்கித் தருமானால் 2025 எங்களுடையதாக இருந்திருக்க வேண்டும். மெட்ஸ் ஹுவான் சோட்டோவுக்கு 15 வருடத்துக்கு 76.5 கோடி டாலர் கொடுத்தது, ஒரு பைசா ஒத்திவைப்பு இல்லாமல். அவர் ஏமாற்றவும் இல்லை, 43 ஹோம் ரன் அடித்தார். ஜூனில் லீகிலேயே முதல் வரிசையில் இருந்த அணி அப்புறம் சரிந்து சரிந்து, கடைசி நாளில் மயாமியிடம் 0-4 என்று தோற்று ப்ளேஆஃபுக்கே போகவில்லை. அன்று டிவியை அணைத்துவிட்டு வீட்டில் யாரோடும் பேசவில்லை, அதை விடுங்கள். ஏஞ்சல்ஸ் அணியில் மைக் ட்ரௌட்டும் ஒடானியும் 2018 முதல் 2023 வரை சேர்ந்து ஆடினார்கள், ஒரு தலைமுறையின் மிகச் சிறந்த இருவர். ஒருமுறைகூட ப்ளேஆஃப் பார்க்கவில்லை.

இதற்குக் காரணம் ஆட்டத்தின் அமைப்பு. கூடைப்பந்தில் ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர், 48 நிமிடத்தில் லூக்கா மாதிரி ஆள் 36, 37 நிமிடம் உள்ளே இருப்பார், பாதி நேரம் பந்தும் அவர் கையில்தான். பேஸ்பாலில் சோட்டோவாகவே இருந்தாலும் அவர் முறை ஒன்பதில் ஒன்று, ஆட்டத்துக்கு நாலைந்து தடவை. முதல் தரப் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், ஐந்து ஆறு நாளைக்கு ஒருமுறைதான் இறங்குவார். ஒரே ஆள் மேல் எவ்வளவு காசைக் கொட்டினாலும் அவர் ஆட்டத்தைத் தொடுகிற நேரம் கொஞ்சம்தான். இதனால்தான் 1984-85 முதல் சம்பள வரம்பு இருக்கும் என்பிஏவில், கோல்டன் ஸ்டேட்டும் க்ளீவ்லாந்தும் 2015இலிருந்து 2018 வரை நாலு வருடம் தொடர்ந்து இறுதியில் மோதிக்கொண்டன. அதிலும் 2016இல் டிவி பணம் வந்து வரம்பு 7 கோடியிலிருந்து 9.4 கோடிக்குத் தாவியதால்தான் கோல்டன் ஸ்டேட் கெவின் டுரான்டை உள்ளே இழுக்க முடிந்தது. வரம்பே இல்லாத பேஸ்பாலில் 2000இல் யாங்கீஸ் தொடர்ந்து மூன்றாவதாக ஜெயித்த பிறகு, 2025 வரை எந்த அணியும் அடுத்தடுத்து இரண்டு கோப்பை வாங்கவில்லை. என்பிஏவிலும் 2019 முதல் 2025 வரை ஏழு வருடத்தில் ஏழு வெவ்வேறு அணிகள் ஜெயித்திருக்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அதில் முதல் ஐந்து, நான் மேலே சொன்ன 2023 விதிகளுக்கு முந்தையவை, அதனால் எல்லாப் பெருமையையும் விதிக்குக் கொடுத்துவிட முடியாது.

டாட்ஜர்ஸையே எடுங்கள். 2013 முதல் ஒரு வருடம் விடாமல் ப்ளேஆஃப் போகிறார்கள், பதின்மூன்று முறை. கோப்பை மூன்று. 2022இல் 111 ஆட்டம் ஜெயித்துவிட்டு, முதல் தொடரிலேயே சான் டியேகோவிடம் மண்ணைக் கவ்வினார்கள். 2025இலும் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் டொராண்டோ கையில்தான் கோப்பை இருந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒரு ரன் பின்தங்கி, இன்னும் இரண்டு அவுட்தான் மிச்சம் என்ற நிலையில் ஹோம் ரன் அடித்துச் சமன் செய்தவர் ஒடானி இல்லை, மூக்கி பெட்ஸ் இல்லை, 36 வயது மிகேல் ரோஹாஸ், அந்த அணியின் சம்பளப் பட்டியலில் சில்லறைக் காசு. அதே இன்னிங்ஸின் அடுத்த பாதியில் எல்லா பேஸிலும் டொராண்டோ ஆட்கள் நிற்க, இரண்டாவது பேஸ் பக்கம் வந்த பந்தை அதே ரோஹாஸ் தடுமாறிப் பிடித்து ஹோமுக்கு எறிந்தார். கேட்சர் வில் ஸ்மித்தின் கால் ஒரு கணம் ஹோம் தட்டை விட்டு எழும்பி, ஓட்டக்காரர் வந்து சேர்வதற்குள் மறுபடி தட்டில் பட்டது. ரீப்ளேயில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தும் அவுட்தான். அந்தக் கால் அரை நொடி தாமதித்திருந்தால் டொராண்டோ சாம்பியன், 'காசு கோப்பையை வாங்காது' என்று எல்லோரும் கட்டுரை எழுதியிருப்பார்கள்.

ஆனால் முந்தைய நாள்தான் 96 பந்து வீசிய டாட்ஜர்ஸ் பிட்சர் யோஷினோபு யமமோட்டோ, ஓய்வே இல்லாமல் வந்து அந்த ஆட்டத்தையும் முடித்தார். அவருக்கு 32.5 கோடி. இங்கே காசு பேசியது, மறுக்கவில்லை. காசு ப்ளேஆஃபுக்குள் நுழைய டிக்கெட் வாங்கித் தருகிறது, வருடா வருடம் வாங்கித் தருகிறது, மற்றது அக்டோபரில் சீட்டுக் குலுக்கல் என்பதுதான் என் கணிப்பு.

உங்கள் சக ஊழியரின் கோபத்தில் நியாயம் இருக்கும் இடமும் அதுதான். பிட்ஸ்பர்க்கில் பால் ஸ்கீன்ஸ் 2025இல் ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.97 ரன் என்ற சராசரியோடு வீசி, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார், அவரது வெற்றி தோல்விக் கணக்கு 10-10. அவர் பின்னால் அடிக்க ஆளில்லை, ஆள் வாங்க அணி மெனக்கெடுவதும் இல்லை. 2015க்குப் பிறகு அந்த ஊர் ப்ளேஆஃப் பார்க்கவில்லை. இதற்கு உச்சவரம்பு எப்படி மருந்தாகும்? தேவை கீழ் வரம்பு, இவ்வளவாவது செலவழித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம். என்பிஏவில் வரம்பின் 90 சதவீதம் கட்டாயம். அதைவிட முக்கியம் டிவி பணம். என்பிஏ 11 வருடத்துக்கு 7,600 கோடி டாலருக்குப் போட்ட தேசிய ஒப்பந்தத்தை எல்லா அணிக்கும் சமமாகப் பிரிக்கிறது. பேஸ்பாலில் உள்ளூர் டிவிதான் பெரிய வருமானம், டாட்ஜர்ஸின் உள்ளூர் ஒப்பந்தம் மட்டும் 25 வருடத்துக்கு 835 கோடி. சின்ன ஊர் அணிகளின் சேனல்களை வைத்திருந்த நிறுவனமோ 2023இல் திவாலானது. வித்தியாசம் அங்கேதான் பிறக்கிறது, சம்பளத்தில் தெரிவது அதன் வெளித்தோற்றம்.

2025இல் லேக்கர்ஸின் பெரும்பங்கை சுமார் 1,000 கோடி டாலர் மதிப்பில் வாங்கியவர் மார்க் வால்டர், டாட்ஜர்ஸின் உரிமையாளரும் அவரே. லூக்காவும் ஒடானியும் இப்போது ஒரே முதலாளியின் ஆட்கள். ஒடானியின் ஒப்பந்தத்தில் வால்டரோ நிர்வாகத் தலைவர் ஆண்ட்ரூ ஃப்ரீட்மேனோ விலகினால் தானும் விலகலாம் என்றே ஒரு ஷரத்து இருக்கிறது. அதாவது ஆட்டக்காரர் காசை மட்டும் பார்த்து வரவில்லை, நிர்வாகத்தைப் பார்த்து வந்தார். ஜப்பானியப் பிட்சர் ரோக்கி சசாகிக்கு டாட்ஜர்ஸ் கொடுத்த கையெழுத்துத் தொகை 65 லட்சம் டாலர்தான், எந்த அணியும் கொடுத்திருக்கலாம். அவர் இங்கேதான் வந்தார்.

கடைசியாக, பேஸ்பாலில் வரம்பு வருமா? இப்போதுள்ள தொழிலாளர் ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. உரிமையாளர்களில் பலருக்கு வரம்பு வேண்டும், ஆட்டக்காரர் சங்கம் ஒத்துக்கொள்ளாது. 2025 கோடையில் லீகின் கமிஷனர் ராப் மான்ஃப்ரெட் ஃபிலடெல்ஃபியா அணி அறைக்கு வந்து பேசியபோது, வரம்பைப் பற்றிப் பேச வந்திருந்தால் வெளியே போங்கள் என்று அந்த அணியின் நட்சத்திரம் பிரைஸ் ஹார்ப்பர் சொன்னதாகச் செய்தி வந்தது. 1994இல் இதே சண்டையில்தான் ஆகஸ்டில் வேலைநிறுத்தம் வந்து உலகத் தொடரையே ரத்து செய்தார்கள், அப்போது லீகிலேயே முதலிடத்தில் இருந்த மான்ட்ரியல் அணிக்கு அப்புறம் அப்படியொரு வருடம் வாய்க்கவே இல்லை. இந்த முறை உரிமையாளர்கள் பக்கமிருந்து கதவடைப்பு வரும் என்று நான் நினைக்கிறேன், ஆட்டங்கள் நிற்குமா என்பது வெறும் ஊகம். உங்களுக்குப் பக்கத்தில் ஆர்லிங்டனில் ரேஞ்சர்ஸ் ஆடுகிறார்கள், கூரை போட்ட ஏசி மைதானம், டெக்சஸ் வெயிலுக்கு ஏற்றது. 2026 கோடையில் அந்தச் சக ஊழியரையும் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். 2027 ஏப்ரலுக்கு மட்டும் இப்போதே டிக்கெட் எடுத்து வைக்காதீர்கள்.